நாய்க்கு சர்டிபிகேட் கேட்டவள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதத்தில், எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியை வாடகைக்கு விட்டோம். புதுக்கோட்டை டவுனை ஒட்டி, வயலாக இருந்து மனையாகிப் போன ஒரு நகரில் எங்கள் வீடு. மேலே நானும் கணவரும். கீழே ஒரு ஹால், ஒரு அறை, சமையற்கட்டு, பின்னால் துணி துவைக்கிற இடம். ஒரே மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். வீடு பூட்டிக் கிடந்தால் கரையான் பிடிக்கும், ஆள் புழங்கினால் நமக்கும் ஒரு துணை என்றுதான் வாடகைக்கு விட்டதே.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் குப்பை கொட்டியவள் நான். சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று என்று யார் வந்து நின்றாலும், ஒரு பேப்பர் குறைந்தால் போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியே பழக்கம். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் அந்தக் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம்தான். கணவர் நேர் எதிர். வாத்தியாராக இருந்து, பேச வேண்டியதையெல்லாம் பிள்ளைகளிடமே பேசித் தீர்த்துவிட்டு வந்தவர்.

வீடு கேட்டு வந்தவர் ஒரு டிரைவர். கட்டுமாவடிதான் சொந்த ஊர். அங்கிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் மீன் ஏற்றிக்கொண்டு வந்து டவுன் மார்க்கெட்டில் இறக்கும் வண்டி ஓட்டுகிறார். விடியும் முன் கிளம்பினால் மதியம்தான் திரும்புவார். வயது முப்பதுக்குள் இருக்கும். பேச்சில் அப்படி ஒரு மரியாதை. மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது என்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டார். பத்தாவது வரை படித்த பெண், வீட்டிலிருந்தே ரவிக்கை தைப்பாள், கையில் நாலு மாத ஆண் குழந்தை. கேட்டதும் எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. சரி வாங்க தம்பி என்று சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பால் காய்ச்சுகிற அன்றுதான் பூதம் கிளம்பியது. சாமான் ஏற்றி வந்த வண்டியிலிருந்து முதலில் குதித்து இறங்கியது ஒரு நாய். செவலை நிறம், ஒரு காது மடங்கி, தெருவில் திரியுமே அந்த மாதிரி நாட்டு நாய்தான். அது பாட்டுக்கு வாசலைத் தாண்டி, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"என்ன தம்பி இது? நாயி வளக்குறோம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"வளக்குற நாயி இல்லைங்கம்மா. அதுதான் இவளுக்குக் காது" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். யாரும் பழக்கியது இல்லையாம். குட்டியாக வந்ததிலிருந்து அந்தப் பெண்ணோடேயே கிடந்து, அதுவாகவே கற்றுக்கொண்டதாம். வாசலில் யாராவது கூப்பிட்டால் ஓடிப்போய் அவள் காலை முட்டும். குக்கர் விசில் அடித்தால் முட்டும். குழந்தை பிறந்த பிறகு, அது சிணுங்கினாலே போதும், அவள் எங்கே இருந்தாலும் தேடிப்போய் இழுத்துக்கொண்டு வந்துவிடும். இரவில் இவர் வண்டிக்குப் போன பிறகு, இந்த நாயை நம்பித்தான் அவள் கண்ணை மூடுகிறாள் என்றார்.

முப்பது வருடப் பழக்கம் எங்கே போகும்? "அப்படின்னு ஏதும் சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டேன்.

பாவம், அந்த மனிதர் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் குடைந்து, மனைவியின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். "இது அந்தப் பொண்ணுக்கு. நாய்க்கு எங்க?" என்றேன். அவர் நான் கேலி பண்ணுவதாக நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு அவரும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் பால் டம்ளரோடு நின்ற அந்தப் பெண் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர்தான் என் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனார். நல்ல நாள் அதுவுமாக வந்த ஜனங்களை விரட்டாதே என்றார். சரியென்று நான் இறங்கி வந்தேன், ஆனால் நிபந்தனையோடு. நாய் மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது, வாசல் கோலத்தை மிதிக்கக் கூடாது, முன்பக்கம் படுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த நாய் குரைத்து நான் கேட்டதே இல்லை. குரைத்து என்ன பிரயோஜனம் என்று அதற்கே தெரிந்திருக்கும். அதற்குப் பேரும் கிடையாது. அந்தப் பெண் இரண்டு தடவை கைதட்டினால் வந்து நிற்கும். ஒருநாள் என் ரவிக்கையைத் தைக்கக் கொடுக்கப் போயிருந்தபோது என் கண்ணாலேயே பார்த்தேன். குழந்தை ஹாலில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தூளி லேசாக அசைந்து ஒரு சிணுங்கல் கேட்டது, அவ்வளவுதான். கீழே படுத்திருந்த நாய் எழுந்து பின்பக்கம் ஓடி, மூக்கால் அவள் கெண்டைக்காலை முட்டி, திரும்பித் தூளியடிக்கு வந்து நின்றது. அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே வெட்கம்.

அதிசயமாக இருந்தது எனக்கு. அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன், எங்கள் கீழ்வீட்டு நாயைப் பார்த்தீர்களா என்று பெருமையாக. இத்தனையும் தெரிந்திருந்தும்தான் அதைச் செய்தேன். தெரியாமல் செய்திருந்தால் இன்று இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பங்குனியில் எங்கள் ஏரியா மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். மகன் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று நான் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தேன். கையில் மஞ்சள் காப்பு கட்டிவிட்டால் வீட்டில் கவிச்சி கூடாது, தீட்டு கூடாது, அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும். கீழ்வீட்டில் மீன் சமைக்க வேண்டாம் என்று சொன்னதற்கு டிரைவர் தம்பி உடனே ஒத்துக்கொண்டார். மீன் வண்டியைக்கூட தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, குளித்துவிட்டுத்தான் வருவேன் என்றார். அதோடு விட்டிருக்கலாம். கோயிலில் கூட நின்ற ஒருத்தி, நாய் புழங்குற வீட்டில் பால்குடம் எப்படி எடுப்பீர்கள் என்று ஒரு கொக்கியைப் போட்டாள். அது என் மனசில் போய் மாட்டிக்கொண்டது.

அன்று மத்தியானமே அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பத்து நாளைக்கு அந்த நாயை எங்கிட்டாவது விட்டுட்டு வாங்க தம்பி. காப்பு அவுத்ததும் கூட்டிட்டு வந்துக்கலாம்."

"அதுக்குப் பால்சோறு மட்டும் போடுறோங்கம்மா. பின்னாலயே கட்டிப் போட்டுக்கிறேன். ராத்திரி நான் வண்டிக்குப் போயிட்டா புள்ளை அழுதா இவளுக்குத் தெரியாதுங்க."

"பத்து நாளுதானே? நாங்க மேல இருக்கோமுல்ல. எங்களுக்குக் கேக்காதா?"

இந்த வார்த்தையை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அதை நம்பித்தான் அவர் மறுநாள் அந்த நாயை மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கட்டுமாவடியில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். வண்டி கிளம்பும்போது அந்தப் பெண் தெருமுனை வரை போய் நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். நாய்க்குப்போய் இவ்வளவா என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் என்ன பாடுபட்டாள் என்பது எனக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. இரவில் டிரைவர் தம்பி வண்டிக்குக் கிளம்பியதும் விளக்கைப் போட்டுக்கொண்டு குழந்தையின் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாளாம். தூங்கிவிட்டால் அழுவது தெரியாதே என்ற பயம். பகலில் தூளியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தைப்பாளாம். குழந்தை கையைக் காலை ஆட்டினால் கயிறு இழுக்கும், தெரிந்துவிடும். வண்டி ஓட்டி வந்தவர் மதியம் அலுப்பில் தூங்கிவிட, இப்படியே ஐந்து நாள் பொட்டுத் தூக்கம் இல்லாமல் ஓட்டியிருக்கிறாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்ததை நானும் பார்த்தேன். சூட்டுக்கண் போல, விளக்கெண்ணெய் வை என்று சைகையில் வைத்தியம் சொன்னேன்.

ஆறாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கணவர் கோயில் வேலையாகப் போயிருந்தார். நான் குளித்து ஈரச்சேலையோடு மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தேன். கோயில் ரேடியோ செட் காதைப் பிளந்துகொண்டிருந்தது. அதையும் மீறிக் கீழேயிருந்து குழந்தை அழுகிற சத்தம் மாடிப்படி வழியாக மேலே வந்தது.

முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. தூக்கிவிடுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்தும் நிற்கவில்லை. கையில் மாவு. ஈரச்சேலை. கீழே போனால் தொட வேண்டிவரும், மறுபடி குளிக்க வேண்டும், இடித்த மாவை அப்படியே விட்டுப் போகவும் மனசில்லை. கைப்பிடிச் சுவர் பக்கம் போய் எட்டிப் பார்த்து, "ஏ தாயி! புள்ளை அழுகுது பாரு!" என்று கத்தினேன்.

பதில் இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது. இன்னும் உரக்க, "எங்கிட்டுத்தான் போய்த் தொலைஞ்ச? புள்ளைய தூக்கு!" என்று கத்தினேன். அப்போதும் பதில் இல்லை. என்ன பொம்பளை இவள், பெற்ற பிள்ளை தொண்டை கிழியக் கத்துகிறது, கல்லு மாதிரி இருக்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே உரலுக்குத் திரும்பினேன்.

காது கேட்காத பெண்ணை நான் கத்திக் கூப்பிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டும் வந்தேன். அவளுக்குக் கேட்காது என்பது எனக்கு என் பேர் மாதிரி தெரியும். ஆனாலும் அந்த நிமிஷத்தில் அது என் புத்திக்கு எட்டவில்லை. எப்படி எட்டாமல் போனது என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கே விளங்கவில்லை.

மாவு இடித்து, சலித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து முடிக்கிற வரை அந்த அழுகை வந்துகொண்டேதான் இருந்தது. நடுவில் ஒருமாதிரி கம்மிப்போய், விட்டு விட்டுக் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. அப்பாடா, ஒருவழியாகத் தூக்கிவிட்டாள் மகராசி என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில், அன்று சீக்கிரமே திரும்பி வந்த டிரைவர் தம்பி போட்ட அலறலில் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. இறங்கி ஓடினேன். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் அந்தப் பெண் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். கயிறு மணிக்கட்டிலிருந்து நழுவிப் பக்கத்தில் கிடந்தது. தூளியில் பால் புட்டி கவிழ்ந்திருந்தது. உத்தரத்துக் கொக்கியிலிருந்து சேலை வழியாகச் சாரை சாரையாகச் செவ்வெறும்பு இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் முகம் எது, கண் எது என்று தெரியவில்லை. உதடு அதிரசம் மாதிரி வீங்கியிருந்தது. மூச்சு விடும்போது ஒரு இழுப்புச் சத்தம்.

அவர் குழந்தையைத் தூக்கி உதறிக்கொண்டே காலால் மனைவியை உலுக்கினார். அவள் எழுந்து உட்கார்ந்தாள். முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு பார்த்தாள். அவள் தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தை என்னால் எழுத்தில் எழுத முடியாது.

எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு நானும் ஏறிக்கொண்டேன். கையில் காப்பு இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். போங்கடி என்றுவிட்டுப் போனேன். அது ஒன்றுதான் அன்று நான் செய்த நல்ல காரியம்.

தொண்டை உள்ளுக்குள் வீங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். அன்று முழுக்க ஒன்றும் சொல்ல முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வார்டு வராந்தாவில் நான் அம்மனை வேண்டிய மாதிரி வாழ்க்கையில் என்றும் வேண்டியதில்லை. மகன் வேலையாவது ஒன்றாவது, இந்தப் பிள்ளையைக் கொடுத்துவிடு தாயே என்று முட்டிக்கொண்டேன். மறுநாள் காலை வீக்கம் வடிய ஆரம்பித்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான் பயல். பிழைத்துக்கொண்டான்.

பார்க்க வந்த தெருக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். கோயிலில் ரேடியோ செட் அந்தக் கத்துக் கத்தும்போது பிள்ளை அழுவது யாருக்குக் கேட்கும் என்றார்கள். பாவம், மேலே இருந்த வாத்தியார் வீட்டம்மாவுக்கே கேட்கவில்லையே என்று என்னையும் சேர்த்துப் பரிதாபப்பட்டார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் டிரைவர் தம்பி மருந்து வாங்கப் போயிருந்தார். நானும் அவளும் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் செல்போனை எடுத்து ஏதோ எழுதி என்னிடம் நீட்டினாள். நன்றாகத் தமிழ் எழுதுவாள்.

"அம்மா, நேத்து புள்ளை அழுதது உங்களுக்குக் கேட்டுச்சா? எவ்வளவு நேரம் அழுதான்?"

என் மேல் சந்தேகப்பட்டுக் கேட்ட கேள்வி இல்லை அது. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தன் பிள்ளை எவ்வளவு நேரம் தவித்தான் என்பது பெற்றவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைச் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

நான் தலையை இடவலமாக ஆட்டினேன். கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் கையை விரித்தேன். கோயில் பக்கம் கையைக் காட்டி, ரேடியோ செட் என்று சைகை செய்தேன். வாயைத் திறக்காமலேயே ஒரு பொய்யைச் சொல்லி முடித்துவிட்டேன். கையில் காப்பு அப்படியே இருந்தது.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். மறுபடி போனில் எழுதிக் காட்டினாள். "அழாதீங்கம்மா. உங்களுக்கே கேக்கலைன்னா யாருக்குக் கேட்டிருக்கும். நான்தான் தூங்கிட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன செய்திருப்பாள்? திட்டியிருக்கக்கூட முடியாது அவளால். ஆனால் எல்லாப் பழியையும் தன் தூக்கத்தின் மேலேயே போட்டுக்கொள்ளாமலாவது இருந்திருப்பாள்.

பால்குடம் எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று கேட்காதீர்கள். குழந்தை வீட்டுக்கு வந்த அன்றே நாயையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். மீன் வண்டியிலிருந்து குதித்ததும் அது நேராகத் தூளிக்குப் போய் மோந்து பார்த்துவிட்டு அடியிலேயே படுத்துக்கொண்டது. ஒரு நாள் முழுக்க அங்கிருந்து நகரவில்லை. இனிமேல் அது எங்கே வேண்டுமானாலும் படுக்கட்டும், மாடிக்கு வந்தாலும் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். தெருவில் எனக்குப் பெரிய மனசு என்று பேர் கிடைத்தது.

கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "போய்ச் சொல்லிரு. எனக்கு ஒன்னைத் தெரியும், இது ஒன்னைத் தின்னுரும்" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வரவே இல்லை.

நாளாக நாளாக அந்தப் பெண் என்னிடம் ரொம்ப ஒட்டிக்கொண்டாள். காலையில் டீ போட்டால் ஒரு டம்ளர் மேலே வரும். குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுப் போய்த் தைப்பாள். அவன் அழுதால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். அவளைப் பார்த்தாலே அந்தக் கேள்வி ஞாபகம் வரும். படியில் அவள் கொலுசுச் சத்தம் கேட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தேன். நான் செய்ததிலேயே பெரிய அநியாயம் அடுத்ததுதான். எறும்பு கடித்த அன்று செய்ததையாவது புத்திகெட்டத்தனம் என்று சொல்லலாம். இதை என்ன சொல்வது? மகன் லீவில் வருகிறான், வீடு வேண்டும், ஆடிக்கு முன்னால் ஆனிக்குள்ளேயே காலி பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மகன் அந்த வருடம் வரவே இல்லை. வருவதாகவும் இல்லை.

சரிங்கம்மா என்றார் டிரைவர் தம்பி. ஒரு மாதம் டவுன் முழுக்க வீடு தேடினார். நாய் என்றதும் எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். ஒருநாள் படியில் உட்கார்ந்து சொன்னார்.

"எல்லாரும் மொத கேள்வியே நாயான்னுதாங்கம்மா கேக்குறாங்க. ஒங்களை மாதிரி மனசு யாருக்கும் வராது."

கடைசியில் கட்டுமாவடிக்கே போய்விட்டார்கள். இங்கே அந்தப் பெண்ணுக்குக் கையில் நல்ல தையல் இருந்தது, ஏழெட்டுத் தெருவிலிருந்து தேடி வந்து கொடுப்பார்கள். எல்லாம் போயிற்று. போகிற அன்று அவள் என் காலில் விழுந்து கும்பிட்டாள். நாய் வண்டியில் ஏறி உட்கார்ந்து குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் மாடிக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது கீழ்வீட்டில் ஒரு பள்ளிக்கூட டீச்சரும் அவர் மகனும் இருக்கிறார்கள். அந்தப் பையனுக்குக் கூட்டம், சத்தம் என்றால் மிரட்சி. ஒரு கிழட்டுப் பூனையை மடியில் போட்டுக்கொண்டால்தான் அடங்குவான். பூனையோடு வந்து தயங்கித் தயங்கி நின்ற அந்த டீச்சரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்த நாளிலும் அதை வெளியே விடச் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். பெரிதாக மாறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. இவர்களுக்குச் செய்வது அவளுக்குப் போய்ச் சேராது.

டிரைவர் தம்பி அவ்வப்போது தன் மகன் படத்தை அனுப்புவார். கடற்கரையில் ஓடுகிறான், பக்கத்திலேயே அந்தச் செவலை நாய். பயலின் வலது கண்ணுக்குக் கீழே சின்னதாகத் தழும்பு இன்னும் தெரிகிறது. பதிலுக்கு எத்தனையோ தடவை எழுதத் தொடங்கி அழித்திருக்கிறேன். கட்டுமாவடி இங்கிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம்தான். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பியும் வந்திருக்கிறேன். அங்கே போய் நின்றால் முதலில் டீ கொடுப்பாள், அதை எப்படி வாங்கிக் குடிப்பேன்?

முக்கால் மணி நேரம் அழுதான், தாயி. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அன்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டிய பதில் இவ்வளவுதான். நான் இதைச் சொல்லாத ஒவ்வொரு நாளும், தன் பிள்ளையைத் தூக்கத்தில் தவிக்கவிட்டவள் தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் என்னை இன்றுவரை தூங்க விடுவதில்லை.